பசு பாலை ஒளித்த காரணம்

நான் இதுவரை செய்த மடத்தனங்களுள் எதற்கு முதலிடம் என்று கேட்டால், ஒரு வியாதியை நற்குணம் என்று நம்பியதற்கே கொடுப்பேன். நம்பியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஊர் வாசிகசாலை ஆண்டுவிழாவில் மேடையேறி, ‘சுறுசுறுப்பே சுகவாழ்வு’ என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் முழங்கி, அந்த வியாதியைச் சபையோருக்கும் சிபாரிசு செய்தேன். ஒலிவாங்கியைப் பிடித்திருந்த என் கை அன்று நடுங்கியது. சனம் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வீடு கோப்பாயில். பள்ளிக்கூடத்தில் கணக்கும் பூமிசாஸ்திரமும் படிப்பிக்கிறேன். ஐம்பதை நெருங்குகிற மனிதன் தன் வேகத்தில் குறைவதுதான் உலக வழக்கம். எனக்கோ அந்த வருடம் வேகம் கூடிக்கொண்டே போனது. விடியுமுன் எழும்பினேன். பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நிற்கவேண்டியிருந்த காலம் அது. நான் போய் நின்றால் வரிசையையே திருத்தியமைத்தேன். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி, பிள்ளைகள் பாதி பார்த்து எழுதுமுன் அழித்து, அடுத்ததை எழுதினேன். சைக்கிளில் போகும்போது பஸ்ஸை முந்த முயன்றேன். மூன்று பேருக்குரிய சோற்றைத் தின்றேன், உடம்போ மெலிந்தது. வேட்டியில் ஒரு நன்மை உண்டு, ஆள் எவ்வளவு மெலிந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. மார்கழிப் பனியில் ஊரே போர்த்துக்கொண்டு படுக்க, நான் மேற்சட்டையுமின்றிக் கிடந்து வியர்த்தேன்.

“உங்களுக்குப் பக்கத்திலை படுக்கிறது அடுப்படியிலை படுக்கிறமாதிரிக் கிடக்கு” என்றாள் மனைவி பரமேஸ்வரி.

அதையும் பாராட்டாகவே கொண்டேன்.

இத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள், கைதட்டினார்கள், மெச்சினார்கள். எங்கோ பிழை இருக்கிறது என்று முதலில் சொன்னது எங்கள் மாடு.

சிவப்பி நல்ல மாடு. அதுவரை பரமேஸ்வரிதான் கறந்துவந்தாள். எல்லா வேலையையும் நானே பிடுங்கிச் செய்த அந்த நாட்களில் பால் கறப்பதையும் பிடுங்கிக்கொண்டேன். முதல் கிழமை கொஞ்சம் தந்தது. பிறகு குறைத்தது. பிறகு, நான் செம்போடு வருவதைக் கண்டாலே உடம்பைச் சிலிர்த்துப் பின்னங்காலை மாற்றி வைத்துக்கொண்டு நிற்கும். மடி நிறைந்திருக்கும், செம்பில் ஒரு சுண்டு பாலும் விழாது. கன்றை விட்டால் மட்டும் சுரக்கும். எங்கள் பக்கத்தில் இதற்குப் பால் ஒளிக்கிறது என்று பெயர்.

மாடு பாலை ஒளித்தால் யாழ்ப்பாணத்தில் எந்தக் குடும்பமும் என்ன முடிவுக்கு வருமோ, அந்த முடிவுக்கே நாங்களும் வந்தோம். கண்ணூறு. ஆரோ மடியைப் பார்த்து மூச்சு விட்டுவிட்டார்கள். பரமேஸ்வரி செத்தல் மிளகாயும் உப்பும் முச்சந்தி மண்ணும் எடுத்து, மாட்டைச் சுற்றி நெருப்பில் போட்டாள். மிளகாய் கமறாவிட்டால் கண்ணூறு உண்டு, கமறினால் இல்லை என்பது சாத்திரம். அன்று கமறிய கமறலில் மாடு, கன்று, நான், வேலிக்கு அப்பால் போன ஒரு தபாற்காரர் உட்பட எல்லோரும் இருமினோம்.

“கமறுதே, அப்ப கண்ணூறு இல்லையே?” என்றேன்.

“இருந்தது. இப்ப போயிட்டுது” என்றாள்.

நான் பகுத்தறிவு பேசுகிறவன். ஆனாலும் அடுத்தநாள் காலை நம்பிக்கையோடுதான் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிவப்பி செம்பை உதைத்துவிட்டது.

மாட்டு வைத்தியரிடம் அதை நடத்திக்கொண்டு போனேன். நடத்தினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மாடு வழியெல்லாம் நின்று நின்று என்னைப் பார்த்தது. வைத்தியர் சண்டிலிப்பாய் மனிதர், அதிகம் கதைக்காதவர். மடியைத் தடவினார், வாயைத் திறந்து பார்த்தார், வாலைத் தூக்கி வெப்பமானியும் வைத்தார்.

“மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.”

“அப்ப ஏன் பாலை ஒளிக்குது?”

“ஆர் கறக்கிறது?”

“நான்தான்.”

அவர் மாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார். “கையை நீட்டுங்கோ, மாஸ்டர்.” நீட்டினேன். மேசையிலிருந்த ஒரு கடதாசியை எடுத்து என் புறங்கைகளின் மேல் விரித்தார். காற்றில்லாத அறையில் கடதாசி படபடவென்று அடித்தது. பிறகு ஒரு பேணி தண்ணீர் தந்து விழுங்கச் சொல்லி என் கழுத்தையே கவனித்தார். நான் விழுங்க, கழுத்தடியில் ஏதோ ஒன்று ஏறி இறங்கியிருக்கிறது.

“உங்கடை கண் எப்பவும் இப்பிடி முழிச்சபடியோ?”

“படிப்பிக்கிற ஆளுக்குக் கண் திறந்துதானே இருக்கவேணும்.”

அவர் சிரிக்கவில்லை. “மாடு ஆறுதலாய் நிண்டால்தான் பாலை இறக்கும். அது தாற சாமான், பறிக்கிற சாமான் இல்லை. உங்கடை கை நடுங்குது, சுடுது, அவதிப்படுது. அது பயந்துபோச்சு. மாட்டைக் கொண்டுபோய் வீட்டிலை கட்டிப்போட்டு நீங்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. இண்டைக்கே.”

பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்வது யாழ்ப்பாணப் பட்டணத்து அரசாங்க ஆஸ்பத்திரியை. அங்கே துண்டு எழுதுகிறவர், “ஆர் உங்களை அனுப்பினது?” என்று கேட்டார்.

“மாட்டு டொக்குத்தர்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மரவாங்கில் காத்திருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டார்கள். காத்திருப்பு எனக்குச் சித்திரவதை. எழும்பினேன், நடந்தேன், திரும்ப வந்தேன், இடம் போயிருந்தது. ஒரு கிழவருக்குத் துண்டைப் பிடிக்கவேண்டிய விதத்தைக் கற்பித்தேன். யாரும் கேளாமலே சன்னல் கொக்கியொன்றைத் திருத்தினேன்.

சத்திரசிகிச்சை செய்கிற வைத்தியர் என் கழுத்தைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, முன்னால் வந்து அமர்ந்து விளங்கப்படுத்தினார். தொண்டைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி விரித்த செட்டை மாதிரி ஒரு சுரப்பி எல்லோருக்கும் உண்டு. தைரொயிட் என்று பெயர். அரிக்கன் லாம்பில் திரியைக் கூட்டிக் குறைக்கிற திருகாணி எப்படியோ, உடம்புக்கு அது அப்படி. என் திருகாணி முழுவதும் திறந்துபோய் நிற்கிறது. திரி புகைகிறது. இனிச் சிம்னி வெடிக்கும்.

“அப்ப என்ரை சுறுசுறுப்பு?”

“அதுதான் வருத்தம்.”

நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுடைய ஒரே நற்குணத்தை இப்படி ஒரு சொல்லில் பறித்தெடுத்தால் அவன் என்ன செய்வான்? நான் பேச வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “இதயம் இடைக்கிடை ஒரு துடிப்பைத் தவறவிடுது. இப்பிடியே விட்டால் அது களைச்சுப்போகும். சுரப்பியிலை பெரும்பகுதியை வெட்டி எடுக்கவேணும்.”

“நாளைக்கே வெட்டுங்கோ. நான் ரெடி.”

“நீங்கள் ரெடி. உங்கடை நாடி ரெடியில்லை. உந்த வேகத்திலை வெட்டினால், சத்திரம் முடிஞ்ச கையோடை உடம்பிலை ஒரு புயல் அடிக்கும். நான் ஒரு நல்ல சத்திரம் செய்தன் எண்ட திருப்தி எனக்கு இருக்கும். அதைக் கேக்க நீங்கள் இருக்கமாட்டியள்.”

ஆகவே முதலில் நாடி இறங்கவேண்டும். அதற்கு மருந்துக் குளிசை, ஓய்வு. முழித்திருக்கும்போது எண்ணினால் பயத்திலேயே நாடி கூடும் என்பதால், நோயாளி தூங்கும்போது வந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவார்கள். அது நித்திரை நாடி. அது இறங்கினால் கத்தி. இறங்காவிட்டால் கத்தியும் இல்லை, இதயமும் நெடுநாளைக்கு இல்லை. என் ஆயுளில் முதல் தடவையாக, ஓடிப்போய்ப் பிடிக்கமுடியாத ஒரு பஸ்ஸுக்காகக் காத்து நிற்கவேண்டியிருந்தது.

என்னை ஆஸ்பத்திரி வாட்டிலேயே படுக்கவைத்தார்கள். பரிசோதனைகள் நடந்தன. மூக்கைக் கிளிப் போட்டு அடைத்து, வாயால் ஒரு இயந்திரத்துக்குள் மூச்சு விடவைத்தார்கள். சும்மா கிடக்கும்போது உடம்பு எவ்வளவை எரிக்கிறது என்று அது அளக்குமாம். சும்மா கிடக்க எனக்குத் தெரியாததால் அதை இரண்டாம் தரமும் செய்தார்கள். இரத்தம் எடுத்து இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்கு அனுப்பினார்கள். என் இரத்தமாவது பிரயாணம் செய்கிறதே என்று பொறாமைப்பட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் மயிலிட்டிச் சம்மாட்டி ஒருவர் கிடந்தார். சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருப்பவர். தொடையெலும்பு முறிந்து, காலைக் கயிற்றில் கட்டி, கப்பியில் மணல்மூட்டை தொங்கவிட்டிருந்தார்கள். என் வயதுதான். முதல்நாளே சொன்னார்: “மாஸ்டர், உங்கடை மூச்சு இன்சின் வள்ளம் மாதிரி அடிக்குது. கொஞ்சம் குறையுங்கோ. எனக்கு நடுக்கடலிலை கிடக்கிறமாதிரிக் கிடக்கு.”

“குறைக்கத் தெரிஞ்சால் நான் ஏன் இஞ்சை வாறன்?”

“காத்து விழாமல் வள்ளம் இறக்கேலாது. கரையிலை நிண்டு காத்தைப் பேசினால் அது விழுமோ?”

நல்ல வார்த்தை. மனதில் பதித்துக்கொண்டேன். “நீங்கள் எத்தனை நாள் பொறுத்து இருப்பியள்?” என்று பக்தியோடு கேட்டேன்.

“நானோ? நான் எங்கை இருந்தனான்! பொறுக்கேலாமல் இறக்கித்தானே கால் முறிஞ்சது.”

அந்நேரம் மேற்சுவரில் ஒரு பல்லி சொன்னது. “பாத்தியளோ, உண்மை” என்றார் சம்மாட்டி. அந்தப் பல்லியைச் சாட்சியாக வைத்தே அவர் வாட்டில் எல்லா வழக்கையும் வென்றார். நான் முதலில் சிரித்தேன். பிறகு வேறு வேலை இல்லாததால் பல்லியைப் பார்க்கத் தொடங்கினேன். மின்குமிழுக்குப் பக்கத்தில் அது அசையாமல் கிடக்கும். பூச்சி வரும், சுற்றும், விலகும், திரும்ப வரும். எனக்குக் கை பறக்கும், ‘பிடி, பிடி’ என்று வாய் வரை வரும். அது பிடிக்காது. நான் சலித்து மறுபக்கம் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பூச்சி அதன் வாயில் இருக்கும். ஒரு தடவைகூட அது பிடித்ததை நான் காணவில்லை.

நித்திரை நாடி எண்ணுகிற தாதியை எல்லோரும் மிஸி என்றே அழைப்போம். அவர் வரும் நேரத்துக்காக நான் முழித்துக் கிடப்பேன். காலடி கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். குளிர்ந்த விரல்கள் மணிக்கட்டில் படும். என் இதயம் மேளச்சமா நடத்தும்.

“மாஸ்டர்.”

கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

“நித்திரை கொள்ளுற ஆக்கள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கமாட்டினம்.”

சம்மாட்டியின் கட்டில் குலுங்கியது. கப்பியும் சேர்ந்து சிரித்தது.

காலையில் வைத்தியர் கட்டிலடி அட்டையைப் பார்ப்பார். நூற்றுக்கு மேல். உதட்டைப் பிதுக்குவார். “இன்னும் கொஞ்சம் பாப்பம்.” அந்தச் சொல்லுக்காகவே பகல் முழுவதும் பயந்தேன். துடிப்பு தவறும்போது நெஞ்சுக்குள் ஒரு படி இல்லாத படிக்கட்டில் கால் வைத்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு தடவையும், இதுதானோ என்று காத்திருப்பேன். பிறகு அடுத்த துடிப்பு வந்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் பலமாக இடிக்கும்.

கட்டணம் இல்லாத ஆஸ்பத்திரி என்றாலும் வருத்தம் என்பது இலவசமில்லை. வாட்டில் குளிசை முடிந்துபோனால் வெளியே தேடி வாங்கவேண்டும். இறக்குமதி நின்றிருந்த காலம், ஒரு கடையில் இருந்தால் அடுத்ததில் இராது. பரமேஸ்வரி பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கையில் சோற்றுப் பெட்டியும் மறுகையில் பால் போத்தலுமாகக் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வருவாள். வந்தால் அலைந்த கதையைச் சொல்லமாட்டாள். மாட்டின் கதையைச் சொல்வாள்.

“சிவப்பி செம்பு வழியத் தருது.”

“என்னைத் தேடுதோ?”

“தேடுது. நீங்கள் வாறியளோ எண்டு படலையைப் பாத்துப்போட்டுத்தான் பாலை விடுது.”

ஒருநாள் அவள் என் மணிக்கூட்டைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். “நேரம் பாக்கிற வேலை இனி எனக்கு. நீங்கள் சும்மா கிடவுங்கோ.” தடித்த ஆண்பிள்ளை மணிக்கூடு, மெல்லிய கையில் முழங்கை வரை வழுகியது. அதைக் கட்டிக்கொண்டு அவள் வாட்டைக் கடந்து போவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சுரப்பியினால்தான் என்று சம்மாட்டியிடம் சொன்னேன்.

மணிக்கூடு போனபின் முதலில் விசர் பிடித்தவன்போல் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு வழியின்றிச் சன்னலைப் பார்த்தேன். வெளியே ஒரு வேம்பு. அதன் நிழல் சுவரில் ஏறி மருந்து அலுமாரியைத் தொட்டால் சாப்பாட்டு வண்டி வரும். அதைக் காகங்கள் எனக்கு முன்பே அறிந்து கம்பியில் வரிசையாக வந்து இருக்கும். பாண் வரிசையைவிட ஒழுங்கான வரிசை, நான் திருத்த ஒன்றுமில்லை. வௌவால்கள் கிளம்பினால் பார்வையாளர் போகிற நேரம். இவை ஒன்றும் ஒரு நாளும் பிந்தவில்லை. ஓடவும் இல்லை.

அப்போதுதான் பூனை வந்தது. ஒரு காது கிழிந்த, சாம்பல் நிறத்து வாட்டுப் பூனை. ஒரு பொழுதுபட்ட நேரம் எத்தனையோ கட்டில்களைத் தாண்டி வந்து என் கட்டிலில் ஏறி, காலடியில் சுருண்டது. கொஞ்சம் காலை அசைத்தேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. இன்னொரு தடவை அசைத்தேன். இறங்கிப் போய்விட்டது. எனக்கு ஏனோ அவமானமாக இருந்தது. ஒரு மாடு நிராகரித்தது போதாதா?

அடுத்தநாள் திரும்ப வந்தது. நான் அசையவில்லை. அசையக்கூடாது என்ற பிடிவாதத்தில் கிடந்தேன். கணுக்காலில் கடித்தது, சொறியவில்லை. அதன் விலா ஏறி இறங்குவது பாதத்தில் தெரிந்தது. செய்ய வேறொன்றும் இல்லாதவன் அதைத்தான் கவனிப்பான். அது ஒரு மூச்சு விடுவதற்குள் நான் இரண்டு விட்டேன். கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன், மூச்சு முட்டியது. விட்டுப் பிடித்தேன். எப்போது நித்திரையானேன் என்று தெரியாது. மிஸி வந்துபோனதே தெரியாது.

அட்டையில் அன்று முதல்தரம் நாடி நூற்றுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அதன்பின் பூனைக்காகவே பொழுதுபட்டால் காலைத் தயாராக நீட்டிக்கொண்டு கிடப்பேன். இறங்கிய நாடி இடையில் ஒருநாள் திரும்ப ஏறியது. அன்று பகல் முழுவதும் நடந்து திரிந்திருந்தேன். மறுநாள் நடக்கவில்லை. திரும்ப இறங்கியது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், மனிதனுக்கு மனிதன் சொல்லித்தராததை மாடும் பூனையும் சொல்லித்தருவதைப்பற்றிப் பிரசங்கம் செய்தேன். பூனை என்னைத் தெரிந்தெடுத்ததில் ஏதோ விசேஷம் இருப்பதாகவும் குறிப்பால் உணர்த்தினேன்.

பிறகு ஒருநாள் அது என்னைத் தாண்டிப் போய், எதிரே புதிதாக வந்து காய்ச்சலில் கிடந்த ஒருவரின் காலடியில் சுருண்டது. அடுத்தநாளும் அப்படியே. நான் மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன். பால் காட்டினேன். வந்து பாலைக் குடித்துவிட்டு அங்கே போய்ப் படுத்தது.

“என்ன பிழை செய்தன்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“பிழை ஒண்டும் இல்லை, மாஸ்டர்” என்றார் சம்மாட்டி. “உங்களிட்டை இருந்த சூடு போயிட்டுது. உந்தப் பூனை வந்த நாளிலை இருந்து இந்த வாட்டிலை ஆர் கூடச் சுடுகினமோ அவையின்ரை காலடியிலைதான். உங்களுக்கு முந்தி இந்தக் கட்டிலிலை கிடந்தவருக்கு நெருப்புக்காய்ச்சல். அவரோடையும் நல்ல சிநேகம்.”

நான் போர்வையைத் தேடினேன். பல மாதங்களுக்குப் பிறகு எனக்குக் குளிர்ந்தது.

மறுநாள் காலை வைத்தியர் அட்டையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கவில்லை. “சரி. இனிச் செய்யலாம்.” சத்திரத்துக்கு முன் சில நாள், சுரப்பியை இறுக்கி இரத்தப்போக்கைக் குறைக்கவென்று அயடீன் துளிகளைப் பாலில் விட்டுத் தந்தார்கள். பால் சிவப்பியினது. எனக்குத் தரமாட்டேன் என்று அது ஒளித்த பாலை, கடைசியில் மருந்தாகக் குடித்தேன். துருப்பிடித்த வாளியை நக்கியதுபோல் இருந்தது.

சத்திரத்தைப்பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அங்கே இருக்கவில்லை. தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது பரமேஸ்வரி கூடவே நடந்தாள். அவள் வேகமாக நடக்க, “மெல்ல, மெல்ல, என்ன அவசரம்?” என்றேன். அவள் சிரித்தபடியே அழுதாள். கண் விழித்தபோது கழுத்தில் கட்டும் ஒரு குழாயும். குரல்நரம்பு சுரப்பியோடு ஒட்டிக்கொண்டு போகிறதாம். தப்பியதா என்று பார்க்க வைத்தியர் ஏதாவது சொல்லச் சொன்னார். வந்தது தவளைச் சத்தம். ஆனாலும் சத்தம். “புயல் அடிக்கேல்லை” என்றார் அவர். பரமேஸ்வரி என் நாடியைத் தானே பிடித்து, அந்தப் பெரிய மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள். எண்ணிக்கை எவ்வளவு இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, தவறவிடாமல் அடிக்கிறதா என்று மட்டும் பார்த்தாளாம். அடித்தது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். ஆறுதலாக இருக்கக் கற்றுவிட்டேன் என்று எழுத ஆசை. ஆனால் இதை எழுதுவதற்குள் இரண்டு தரம் எழும்பி நடந்தாயிற்று. திருகாணியை இறக்கிவிட்டார்கள், கூட்டிக் கூட்டிப் பழகிய கை இன்னும் அதைத் தேடுகிறது. அது தேடுகிறபோது மாட்டடிக்குப் போகிறேன். கறக்க இருக்குமுன் கையைச் சிவப்பியின் விலாவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன். அது பெருமூச்சு விட்டால் இருக்கலாம். விடாவிட்டால், அன்று எனக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். செம்பைப் பரமேஸ்வரியிடம் கொடுத்துவிடுவேன். பெரும்பாலான நாட்களில் விடுகிறது.

போன கிழமை அடுத்த வளவு செல்லத்துரை, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருப்பவர், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு பார்க்க வந்தார். மாட்டிலிருந்து பூனை வரைக்கும் முழுக்கதையையும் அவசரப்படாமல் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மாஸ்டர், உந்த வருத்தம் திரும்பி வருமோ?” என்றார்.

மனிதர் மேல் எனக்குப் பெரிய வாஞ்சை உண்டாயிற்று. “இல்லை, இனி வராது எண்டு டொக்குத்தர் சொல்லிப்போட்டார்” என்று அவர் கையைப் பிடித்துத் தேற்றினேன்.

அவர் நெடிய மூச்சொன்று விட்டார். “வேலி அடைக்கக் கிடுகெல்லாம் வாங்கிப்போட்டன். போனமுறை எங்கடை பக்க வேலியையும் சேர்த்து நீங்கள் தனிய ஒரு நாளிலை அடைச்சுத் தந்தனீங்கள். இனிக் கூலிக்கு ஆள்தான் பிடிக்கவேணும்.”